காற்றேடு – 11: திரும்பி வந்த இருவர்

சென்ற அத்தியாயத்தில் கல்கத்தாவில் நின்றோம். ஹென்றி பிடிங்டன் கப்பல் தலைவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி, 1839 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வங்கக் கடல் புயல்களின் வரலாற்றை ஒவ்வொன்றாக எழுதினார். 1848-இல் வெளிவந்த மாலுமிக் கையேட்டில் ‘சைக்ளோன்’ என்ற பெயரையும் உலகுக்குத் தந்தார். அத்தனையும் ஒரு தனிமனிதரின் ஆர்வத்தில் நடந்தது. 1858-இல் அவர் கண்ணை மூடியதும் அந்த வரிசையும் நின்றுபோனது.

இந்த அத்தியாயம், ஆசிரியர்கள் மாற, அலுவலகங்கள் மாற, நிற்காமல் வந்துகொண்டிருக்கும் ஓர் இதழைப் பற்றியது. அமெரிக்காவின் ‘மன்த்லி வெதர் ரிவ்யூ’ 1872 ஜூலையில் தொடங்கியது. இன்றும் வெளிவருகிறது. புயல் ஆராய்ச்சியின் முக்கியமான திருப்பங்களில் பல அதன் பக்கங்களில்தான் முதலில் அச்சேறின. அத்தனையையும் இங்கே சொல்ல இடமில்லை. இளமையில் ஒருமுறையும், பல ஆண்டு கழித்து இன்னொரு முறையும் அதே இதழில் எழுதிய இரண்டு பேரை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இதழ் பிறந்த கதை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கும் பெருஏரிகளைப் பெயரைக் கேட்டு ஏரி என்று எண்ணிவிடக் கூடாது. நடுவில் நின்றால் கரை தெரியாது. குளிர்காலத் தொடக்கத்தில் அங்கே வீசும் புயல்களில் ஆண்டுதோறும் கப்பல்கள் மூழ்கின. மில்வாக்கியைச் சேர்ந்த இன்க்ரீஸ் லாபம் என்ற இயற்கை அறிஞர், மூழ்கிய கப்பல்களையும் இறந்தவர்களையும் பட்டியலிட்டுத் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஹால்பர்ட் பெயினிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். புயல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது, தந்தி அதைவிட வேகமாகப் போகிறது, முன்கூட்டிச் சொல்ல என்ன தடை என்பதுதான் அவருடைய வாதம். 1870 பிப்ரவரி 9-ஆம் நாள் அதிபர் கிராண்ட் கையெழுத்திட, இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் வானிலைப் பொறுப்பு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று 24 நிலையங்களில் சிப்பாய்கள் ஒரே நேரத்தில் அழுத்தமானியைப் பார்த்துத் தந்தி அடித்தார்கள்.

அந்தத் தந்திகளுக்குப் பொருள் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. சின்சினாட்டி வானாய்வகத்தின் இயக்குநர் க்ளீவ்லேண்ட் ஆபே 1871-இல் வந்து சேர்ந்தார். அவர் படித்தது விண்மீன்களை. ஆனால் 1869 செப்டம்பரிலேயே, அரசுக்கு முன்பாக, சின்சினாட்டி வணிகர் சங்கத்தின் உதவியோடு தந்தி வழியே வானிலை அறிக்கை வெளியிடத் தொடங்கியிருந்தவர்.

அந்தக் கணக்குகளைத் தொகுத்துத்தான் சமிக்ஞைப் பிரிவு 1872-இல் இதழைத் தொடங்கியது. தொடக்க கால இதழ்களில் கட்டுரை என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. சென்ற மாதம் எத்தனை தாழ்வழுத்தங்கள் நாட்டைக் கடந்தன, ஒவ்வொன்றும் எந்த வழியே போனது, எங்கே எவ்வளவு மழை, எங்கே வடதுருவ ஒளி தெரிந்தது, எங்கே நிலம் அதிர்ந்தது என்று கணக்கு மட்டும் இருக்கும். ஒவ்வொரு தாழ்வழுத்தத்துக்கும் எண் கொடுத்து வழியை வரைபடத்தில் கோடாக இழுத்திருப்பார்கள். இன்று பார்க்கும்போது வறண்டதாகத் தெரியலாம். ஆனால் பத்தாண்டுக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் புயலுக்கு வழக்கமான பாதை என்று ஒன்று இருப்பதே புலப்படும். ஒரு மாதத்தை விட்டிருந்தாலும் அந்தப் படம் ஓட்டையாகியிருக்கும். அந்தப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1891-இல் வானிலைப் பொறுப்பு இராணுவத்திடமிருந்து வேளாண் துறைக்கு மாறி, வானிலைப் பணியகம் உருவானது. 1893-இல் ஆபே இதழின் ஆசிரியரானார். பெயரும் பட்டமும் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தவர் அவர். வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, நுண்ணோக்கியோடு புகைப்படப் பெட்டியைப் பொருத்தி, 1885 முதல் பனித்துகள்களைப் படமெடுத்து வந்தார். கல்லூரி வாசல் மிதிக்காதவர். அவருடைய படங்களும் குறிப்புகளும் 1902-இல் இதழில் விரிவாக வந்தன. 1904-இல் மழைத்துளிகளைப் பற்றி எழுதினார். சலித்த கோதுமை மாவைத் தட்டில் பரப்பி மழையில் சில விநாடி காட்டினால், ஒவ்வொரு துளியும் ஒரு மாவு உருண்டையாகிவிடும். காய்ந்த பிறகு உருண்டையை அளந்தால் துளியின் அளவு தெரியும். மிகப் பெரிய துளி கால் அங்குலம் என்று அவர் கண்டார். சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மண் அரிப்பை ஆராய்ந்தவர்கள் துளியை அளக்க அதே மாவு முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆபே 1901-இல் எழுதிய கட்டுரையும் இங்கே சொல்லத் தக்கது. காற்றுமண்டலம் ஒரு பாய்மம், வெப்பவியல் விதிகளும் பாய்ம விதிகளும் அதற்கும் பொருந்தும், ஆகவே நாளைய வானிலையைக் கணக்குப் போட்டே அறிய வழி உண்டு என்று அதில் வாதிட்டார். கணினி பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

இனி முதலாமவர். ஐசக் க்ளைன்.

மெக்சிகோ வளைகுடாவில், டெக்சாஸ் கரையை ஒட்டி மணல் திட்டாக நீண்டு கிடக்கும் தீவு கால்வெஸ்டன். 1900-இல் ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த செழிப்பான துறைமுக நகரம். நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் 9 அடியைத் தொடவில்லை. தனுஷ்கோடியின் முடிவை அறிந்த நமக்கு அந்த நில அமைப்பை விளக்க வேண்டியதில்லை. இதே கரையில் இருந்த இண்டியனோலா என்ற துறைமுகம் 1875-இலும் 1886-இலும் அடித்த இரண்டு புயல்களில் ஊரே இல்லாமல் போயிருந்தது. கால்வெஸ்டனுக்குக் கடல்சுவர் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். 1891-இல் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு கட்டுரை வந்தது. புயலால் கால்வெஸ்டனுக்குப் பெருங்கேடு வரும் என்று நினைப்பது வெறும் மனமயக்கம் என்றது அது. எழுதியவர், வானிலைப் பணியகத்தின் டெக்சாஸ் பிரிவுத் தலைவரான ஐசக் க்ளைன்.

1900 செப்டம்பர் முதல் வாரம் கியூபாவைக் கடந்து ஒரு புயல் வந்தது. ஹவானாவின் பெலேன் வானாய்வகத்தில் இயேசு சபைத் துறவிகள் பல பத்தாண்டுகளாகப் புயல்களைப் படித்து வந்தவர்கள். புயல் மேற்கே வளைகுடாவுக்குள் போகும் என்று அவர்கள் கருதினார்கள். வாஷிங்டனில் இருந்தவர்கள் அது ஃபுளோரிடா பக்கம் வளைந்து வடகிழக்கே போய்விடும் என்று நினைத்தார்கள். அந்தச் சமயத்தில் கியூபாக்காரர்களின் வானிலைத் தந்திகளுக்கு அமெரிக்க நிர்வாகம் தடை போட்டிருந்தது. அப்போது கியூபா அமெரிக்க இராணுவத்தின் பிடியில் இருந்தது. ஆள்பவர்களுக்கு, ஆளப்படுபவர்களின் அறிவில் நம்பிக்கை இல்லை. இதைவிட மென்மையாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. அதிகாலை 5 மணிக்கு, உடன் பணிபுரிந்த தம்பி ஜோசப் அண்ணனை எழுப்பி, நகரின் தாழ்ந்த பகுதிகளில் கடல் ஏறிவிட்டது என்றார். காற்று வடக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. வாடை கடலை வெளியே தள்ள வேண்டும். ஆனால் காற்றை எதிர்த்துக்கொண்டு ஓதம் ஏறியது. அப்படி ஒன்றை இதற்கு முன் கண்டதில்லை என்று க்ளைன் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். மாலை மூன்றரை மணிக்கு நகரின் பாதித் தெருக்கள் நீரில் என்று இன்னொரு செய்தி. தந்திக் கம்பிகள் அதற்குள் அறுந்திருந்தன. ஜோசப் தண்ணீரில் நடந்து போய் ஹூஸ்டனுக்குத் தொலைபேசியில் அதைச் சொல்லி முடித்தார். பிறகு அந்த இணைப்பும் போனது. மாலை 6.15-க்குக் காற்றுவேகமானி பிய்த்துக்கொண்டு போனது. அதற்கு முன் அது காட்டிய உச்ச வேகம் மணிக்கு 84 மைல், இடையே இரண்டு நிமிடம் 100 மைல். இரவு 8.30-க்கு அழுத்தமானி 28.48 அங்குலம் வரை, அதாவது ஏறக்குறைய 964 மில்லிபார் வரை, இறங்கியது.

இந்த விவரங்கள் எல்லாம் அந்தச் செப்டம்பர் மாத இதழில் இருக்கின்றன. க்ளைன் எழுதிய சிறப்பறிக்கையின் அடியில் இட்ட தேதி செப்டம்பர் 23. புயல் அடித்து பதினைந்தே நாள். வீட்டு வாசற்கதவைச் சற்றே திறந்து நின்றுகொண்டிருந்தபோது, ஏழரை மணிக்கு, கடல் நான்கு விநாடியில் நான்கடி ஏறியதை அதில் சொல்கிறார். வீடு நின்ற மனையின் உயரம் 5.2 அடி, அதற்கு மேல் 10 அடி தண்ணீர், ஆகக் கடல் மட்டத்துக்கு மேல் 15.2 அடி என்று தன் வீட்டையே அளவுகோலாக வைத்துக் கணக்குத் தருகிறார். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் ஏறக்குறைய 5 அடி. அவர் வீடு உறுதியானது என்று நம்பி அக்கம்பக்கத்தார் ஐம்பது பேர் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். எட்டரை மணி அளவில் வீடு சரிந்தது. பிழைத்தவர்கள் பதினெட்டுப் பேர். இடிபாடுகளின் மேல் மூன்று மணி நேரம் மிதந்து, புறப்பட்ட இடத்திலிருந்து 300 கஜத்தில் கரை ஒதுங்கியதாக எழுதுகிறார். தம்பியும் மூன்று மகள்களும் உடன் இருந்தார்கள். மனைவி கோரா இல்லை. வீடு சரிந்தபின் அவர் நீருக்கு மேல் வரவே இல்லை. ஓர் அரசு அலுவலகத்தின் மாத இதழில், அழுத்தமானி எண்களுக்கு நடுவே, அந்தச் செய்தி ஒரு வாக்கியமாக நிற்கிறது.

நகரத்தில் மட்டும் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். 8,000 என்போரும் உண்டு. அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு உயிரைக் குடித்த இயற்கைச் சீற்றம் இன்றுவரை வேறில்லை.

அந்த அறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. மக்களைக் கரையிலிருந்து வெளியேறச் சொன்னதாகவும் அதனால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்ததாகவும் அதில் வரும் பகுதியைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். பணியகத் தலைவர் வில்லிஸ் மூர் தன் அலுவலகத்தின் பெயரைக் காப்பாற்றுவதில் குறியாக இருந்தவர். தங்கள் கணிப்பு எங்கே தவறியது என்பதை ஓர் அரசு இதழ் உரக்கச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது கடினம். ஆனால் எண்கள் அச்சாகிவிட்டன. எந்த மணிக்குக் காற்று எந்தத் திசை, எந்த மணிக்குத் தண்ணீர் எத்தனை அடி என்பது பதிவாகிவிட்டது. அதை யாரும் மாற்ற முடியாது. க்ளைன் உட்பட.

1901-இல் அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே போன பிறகு அவர் மனம் ஒரே கேள்வியைச் சுற்றியது. வாடையை எதிர்த்து ஓதம் ஏன் ஏறியது? அந்தக் காலத்து வானிலை அறிஞர்களுக்குப் புயல் என்றால் காற்றுதான். க்ளைன் தண்ணீரைப் பார்த்தார். வளைகுடாக் கரையில் இருந்த ஓதமானிகளின் பதிவுகளைப் புயல் புயலாகத் திரட்டினார். 1915 செப்டம்பர் 29 அன்று நியூ ஆர்லியன்ஸை நோக்கி ஒரு கடும்புயல் வந்தபோது தாழ்நிலத்து மக்களை முன்கூட்டியே வெளியேறச் சொன்னார். பெரும்பாலோர் கேட்டார்கள். 1920-இல் அவருடைய நீண்ட கட்டுரை அதே இதழில் வெளிவந்தது. புயல் மையம் செல்லும் பாதைக்கு வலப்புறம்தான் கடல் மிக உயரமாக ஏறும், மையம் நெடுந்தொலைவில் இருக்கும்போதே அந்தக் கரையில் ஓதம் உயரத் தொடங்கும், ஆகவே எங்கே ஓதம் விடாமல் ஏறுகிறது என்று பார்த்தால் புயல் எங்கே வரப்போகிறது என்று சொல்லிவிடலாம் என்று அதில் காட்டினார். செப்டம்பர் 8 காலையில் தன் தந்தியில் புரியாத ஒன்றாகக் குறித்ததற்கு இருபது ஆண்டு கழித்து அவரே எழுதிய விடை அது.

நம் கரைக்கும் அது பொருந்தும். வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் என்பது வடபுறம். நாகப்பட்டினத்தில் கரையைக் கடக்கும் புயல் கடலைக் கூடுதலாக ஏற்றுவது அதற்கு வடக்கே உள்ள ஊர்களில். அந்தப் பக்கத்தில்தான் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும்.

இரண்டாமவர் ஜேக்கப் பெர்க்னஸ். நார்வேக்காரர். தந்தை வில்ஹெல்ம் பெர்க்னஸும் வானிலை அறிவியலின் பெரும்புள்ளி. முதல் உலகப்போரில் நார்வே நடுநிலை வகித்தது. ஆனால் போரிடும் நாடுகள் வானிலைச் செய்திகளை மறைத்துக்கொண்டதால் மேற்கிலிருந்து வரும் புயல் எதுவும் முன்னே தெரியவில்லை. தானியத்துக்குத் தட்டுப்பாடு. உழவருக்கும் மீனவருக்கும் அறிவிப்பு வேண்டும். 1917-இல் ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து திரும்பிய வில்ஹெல்ம், பெர்கன் நகரில் இருந்துகொண்டு நாடெங்கும் நோக்கு நிலையங்களை நெருக்கமாக அமைத்தார். நிலையங்கள் நெருங்கியதும் இதுவரை தெரியாதது தெரிந்தது. தாழ்வழுத்தம் என்பது வெறும் சுழல் இல்லை, வெதுவெதுப்பான காற்றும் குளிர்ந்த காற்றும் கத்தி தீட்டியதுபோல ஒரு கோட்டில் மோதுகின்றன என்று மகன் ஜேக்கப் கண்டார். போர்க்களச் சொல்லைக் கொண்டு பின்னால் அதை ‘ஃப்ரன்ட்’ என்று அழைத்தார்கள். 1919 பிப்ரவரி இதழில் தந்தையின் கட்டுரையும் மகனின் கட்டுரையும் அடுத்தடுத்து வந்தன. மகனுக்கு அப்போது 21 வயது.

அச்சிட்டது அமெரிக்க அரசின் இதழ்தான். ஆனால் அதே அரசின் முன்னறிவிப்பாளர்கள் அந்தக் கோடுகளைத் தங்கள் வரைபடத்தில் முறையாக வரையத் தொடங்க 1930-கள் வரை ஆயிற்று. தங்கள் வீட்டு இதழில் வந்ததைத் தாங்களே இத்தனை ஆண்டு எடுத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். பழைய முறையில் கை பழகியவர்கள், புதிய முறைக்குப் போதிய நிலையங்கள் இல்லை என்றெல்லாம் காரணம் சொல்லலாம். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது. அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனை கப்பல்கள், எத்தனை விளைநிலங்கள்!

1939-இல் ஜேக்கப் சொற்பொழிவுக்காக அமெரிக்கா போனார். அடுத்த ஆண்டு ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. அவர் திரும்பவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வானிலைத் துறையை வளர்த்தார். 1957–58-இல் உலக நாடுகள் சேர்ந்து நடத்திய புவி இயற்பியல் ஆண்டின்போது தற்செயலாக ஒரு வலுவான எல் நினோ, அதாவது பசிபிக்கின் கிழக்கே கடல் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாகும் நிலை, வந்தது. பசிபிக்கின் நடுவே முன்பு இல்லாத அளவுக்கு அளவீடுகள் கிடைத்தன. அவற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர், 1969-இல் மன்த்லி வெதர் ரிவ்யூவில் பத்துப் பக்கக் கட்டுரை எழுதினார். முதல் கட்டுரைக்கும் இதற்கும் சரியாக ஐம்பது ஆண்டு. வயது 71.

அந்தக் கட்டுரையில் இந்தியா வருகிறது. கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தார். 1899-இல் பருவமழை பொய்த்துப் பஞ்சம் வந்திருந்தது. மழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட கேள்வி. உலகெங்கும் இருந்து அழுத்தக் கணக்குகளை வாங்கி, இந்திய எழுத்தர்களைக் கொண்டு ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக்கின் கிழக்கே அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே ஏறினால் இங்கே இறங்குகிறது என்று கண்டு ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. காரணம் இல்லாத எண் விளையாட்டு என்று பலர் ஒதுக்கினார்கள். 1958-இல் அவர் இறந்தபோதும் நிலைமை அதுதான்.

பெர்க்னஸ் அந்தக் காரணத்தைக் கண்டார். பசிபிக்கின் மேற்கே, இந்தோனேசியாவை ஒட்டி, கடல் வெதுவெதுப்பு. கிழக்கே, பெரு நாட்டுக் கரையில், குளிர்ச்சி. மேற்கே காற்று மேலெழும்பி, உயரத்தில் கிழக்கே சென்று, அங்கே இறங்கி, கடல்மேல் மீண்டும் மேற்கே வீசுகிறது. இந்தக் காற்று தளர்ந்தால் வெதுவெதுப்பான நீர் கிழக்கே பரவுகிறது. பரவினால் காற்று மேலும் தளர்கிறது. கடலும் காற்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எல் நினோவும் வாக்கரின் அலைவும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். அந்தச் சுழற்சிக்கு அவர் ‘வாக்கர் சுழற்சி’ என்று பெயர் வைத்தார். தான் கண்டதற்குத் தன் பெயர் தேடாமல், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதில் கிடைக்காமல் நின்றவரின் பெயரைச் சூட்டினார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இன்று எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குறையுமோ, தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை கூடுமோ என்று பேசும்போது நாம் அந்தப் பத்துப் பக்கத்தின் மேல்தான் நிற்கிறோம்.

அந்தக் கட்டுரை வந்த அடுத்த ஆண்டே வானிலைப் பணியகம் புதிதாக அமைந்த தேசியக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1974 முதல் இதழ் அரசின் கையிலிருந்து அமெரிக்க வானிலையியல் கழகத்துக்குப் போனது. அந்த மாற்றத்துக்கு மறு ஆண்டு, 1975-இல், வெர்னான் டுவோராக் எழுதிய கட்டுரை வந்தது. கடலின் நடுவே உள்ள புயலின் காற்று வேகத்தை எப்படி அறிவது? கப்பல்கள் விலகி ஓடும். விமானம் அனுப்ப எல்லா நாடுகளாலும் முடியாது. 1960 முதல் செயற்கைக்கோள் படங்கள் வந்துகொண்டிருந்தாலும் அவற்றிலிருந்து வேகத்தைப் படிக்கும் முறை இல்லை. டுவோராக் ஒரு முறை தந்தார். மேகப் பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கிறது, நடுவே கண் தெரிகிறதா என்று பார்த்து 1 முதல் 8 வரை எண் போடலாம். இயல்பாக வளரும் புயல் நாளொன்றுக்கு ஓர் எண் ஏறும். விமானமே இல்லாத நாட்டு முன்னறிவிப்பாளருக்கும் ஒரு படமும் ஓர் அளவுகோலும் இருந்தால் போதும் என்றாயிற்று.

அந்த எண்ணுக்கு ‘டி-எண்’ என்று பெயர். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும்போதெல்லாம் புதுடெல்லியிலிருந்து இந்திய வானிலைத் துறை வெளியிடும் தொழில்நுட்ப அறிக்கையில் அது இருக்கும். டி 1.5 என்றால் தாழ்வு மண்டலம், 2 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 2.5-ஐத் தொட்டால் அதற்குப் புயல் என்று பெயர் சூட்டுகிறார்கள். 3.5 தீவிரப் புயல், 4 மிகத் தீவிரப் புயல். மீன்வளத் துறை படகுகளைக் கரைக்கு அழைக்கும் செய்தி நமக்கு வந்து சேரும் முன் இந்த எண்தான் முதலில் தயாராகிறது.

(தொடரும்)